கணினியின் முதுகில் ஒரு பூட்டு

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் வழியாகக் கொல்லிமலைக்குப் போகும் பேருந்து காளப்பநாயக்கன்பட்டியைத் தாண்டித்தான் போக வேண்டும். அதற்கு அப்பால் காரவள்ளி. அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். ஓரி ஆண்ட மலை, கொல்லிப்பாவையின் மலை என்று சங்கப் பாடல்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இந்த மலையைத்தான். ஓரியின் வில்லைப் பேசும் புறநானூறு 1894இல் உ.வே. சாமிநாதையர் பதிப்பாக அச்சேறியது. கொல்லிப்பாவையைப் பேசும் நற்றிணை 1915இல் பின்னத்தூர் நாராயணசாமி ஐயர் உரையோடு வெளிவந்தது. இன்று காளப்பநாயக்கன்பட்டியில் பேருந்துக்குக் காத்திருக்கும் ஒரு கல்லூரி மாணவி கைபேசியில் ‘கொல்லி’ என்று தட்டினால் போதும், இரண்டு நூல்களிலும் அந்தச் சொல் வரும் இடங்கள் வரிசைகட்டி வந்துவிடும். காசு வேண்டாம், பதிவு வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம்.

முப்பது ஆண்டுகளுக்கு முன் இது நடக்காத காரியம். கைபேசி இல்லாதது மட்டும் அதற்குக் காரணமல்ல. கணினியில் ஏறிய தமிழ் அன்று ஒவ்வொரு மென்பொருள் நிறுவனத்தின் சாவிக்கொத்திலும் ஒவ்வொரு விதமாக மாட்டிக்கொண்டிருந்தது. ஆங்கிலத்தில் மின்நூல் வந்தது, பிறகு அதற்குப் பூட்டு வந்தது. தமிழில் மின்நூல் வருவதற்கு முன்பே எழுத்துக்குப் பூட்டுப் போட்டாகிவிட்டது.

பதிவு செய்துகொண்டால் பாதுகாப்பு என்ற எண்ணம் கணினி கொண்டுவந்ததல்ல. இந்தியர்கள் தடையின்றி அச்சுக்கூடம் வைத்துக்கொள்ள 1835இல் வழி பிறந்தது. 1847இல் கம்பெனி ஆட்சிப் பகுதிகளுக்கென ஒரு பதிப்புரிமைச் சட்டம் வந்தது. 1867ஆம் ஆண்டின் 25ஆவது சட்டம், அச்சாகும் ஒவ்வொரு நூலும் அரசின் பதிவேட்டில் ஏற வேண்டும் என்றது. அந்தப் பதிவேடு கேட்ட விவரங்களைப் படித்தால் இன்றைய இணையப் படிவம் நினைவுக்கு வரும்: நூலின் பெயர், மொழி, ஆசிரியர், அச்சிட்ட இடம், பக்கங்கள், அளவு, எத்தனையாவது பதிப்பு, எத்தனை பிரதிகள், விலை, கடைசியில் பதிப்புரிமையாளரின் பெயரும் இருப்பிடமும். 1857 கிளர்ச்சியைப் பார்த்து மிரண்ட அரசுக்கு, யார் என்ன அச்சிடுகிறார்கள் என்று தெரிந்துகொள்ளும் ஆசையும் இதில் கலந்திருந்தது. காவலும் கண்காணிப்பும் ஒரே பேரேட்டில் ஏறின.

பதிப்பாளர்களுக்கு அந்தக் கண்காணிப்பைப் பற்றி அவ்வளவு கவலை இருந்ததாகத் தெரியவில்லை. முகப்புப் பக்கத்தில் ‘காபிரைட் ரிஜிஸ்டர்டு’ என்று அழுத்தமாக அச்சடித்துக்கொண்டார்கள். ஆசிரியரின் கையெழுத்தோ முத்திரையோ இல்லாத பிரதி திருட்டுப் பிரதி என்று எச்சரித்த நூல்களும் உண்டு. ஒவ்வொரு பிரதியிலும் ஆசிரியர் உட்கார்ந்து கையெழுத்துப் போட வேண்டியிருந்ததை எண்ணிப் பார்த்தால், வாங்குபவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனித் திறவெண் அனுப்பும் இன்றைய முறையின் தாத்தாவை அங்கேயே பார்த்துவிடலாம். அந்த முத்திரை நகலெடுப்பதைத் தடுக்கவில்லை. பொய்ப் பிரதியைக் காட்டிக் கொடுக்க மட்டும் பயன்பட்டது.

உரிமைச் சிக்கலுக்குத் தமிழ்நாடு கண்ட வழி வேறொன்று. பாரதி 1921இல் மறைந்த பிறகு நூல்களின் உரிமை அவருடைய தம்பி விசுவநாதனிடம் போய்ச் சேர்ந்தது. பாடல்களை இசைத்தட்டிலும் திரையிலும் பயன்படுத்தும் உரிமை ஏவிஎம் ஸ்டுடியோவின் ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் கைக்கு வந்தது. பாரதி பாட்டைப் பாட ஒரு ஸ்டுடியோவின் அனுமதி வேண்டுமா என்று எழுத்தாளர்களும் நாடகக்காரர்களும் கொதித்தார்கள். 1949இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் அரசு அந்த உரிமைகளைப் பெற்றது. சில ஆண்டுகளில் பாரதியின் எழுத்து எல்லோருக்கும் பொதுவானது. குடும்பத்துக்கு ஒரு தொகை, ஊருக்கு நூல்கள் என்ற இந்த ஏற்பாடுதான் பின்னாளில் ‘நாட்டுடைமை’ என்ற பெயரில் வழக்கமாக வேரூன்றியது.

காளப்பநாயக்கன்பட்டிக்காரர்களுக்கு இதற்கு உதாரணம் தேட வெகுதூரம் போக வேண்டாம். அவர்கள் மாவட்டத்தின் மோகனூரில் 1888இல் பிறந்தவர் நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை. அவருடைய ‘மலைக்கள்ளன்’ 1954இல் எம்.ஜி.ஆர். நடித்த படமானது. கவிஞர் மறைந்தது 1972இல். இந்தியச் சட்டப்படி பதிப்புரிமை ஆசிரியர் மறைவுக்குப் பின் 60 ஆண்டுகள் நீடிக்கும். அந்தக் கணக்கில் அவர் நூல்கள் 2032 முடியும்வரை பூட்டியே கிடக்க வேண்டும். நாட்டுடைமை ஆனதால் இன்றைக்கே யாரும் அச்சிடலாம், மின்நூலாக்கலாம், விற்கவும் செய்யலாம்.

இனிக் கணினிக்கு வருவோம்.

1980களின் இறுதியிலும் 90களிலும் ஈய எழுத்துகளைக் கோத்துக்கொண்டிருந்த அச்சகங்கள் ஒவ்வொன்றாக டிடிபிக்கு, அதாவது கணினியில் பக்கம் அமைக்கும் முறைக்கு, மாறின. கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, தேர்தல் நோட்டீஸ், கவிதைத் தொகுப்பு எல்லாமே பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் உருவாயின. பேஜ்மேக்கருக்குத் தமிழ் தெரியாது. தமிழைத் தனியாக வாங்கி அதில் பொருத்த வேண்டும். தொடக்கத்தில் சி-டாக் நிறுவனத்தின் ஜிஸ்ட் அட்டை இருந்தது. கணினியைத் திறந்து உள்ளே செருகும் சர்க்யூட் பலகை அது. பலகை இருந்தால் இந்திய மொழி தெரியும், கழற்றினால் மொழியும் போய்விடும். பிறகு புனேயின் மாடுலர் இன்ஃபோடெக் விற்ற ஸ்ரீலிபி போன்ற எழுத்துருத் தொகுப்புகள் வந்தன. இவற்றோடு சேர்ந்து வந்ததுதான் டாங்கிள்.

டிடிபிக்காரர்கள் அதை ‘லாக்’ என்றே சொன்னார்கள். தீப்பெட்டி அளவிலான பிளாஸ்டிக் துண்டு, ஒரு பக்கம் 25 ஊசிகள், மறு பக்கம் 25 துளைகள். கணினியின் பின்னால் அச்சுப்பொறி கேபிள் செருகும் இடத்தில் முதலில் இதை மாட்டி, அதன் மேல் கேபிளை மாட்ட வேண்டும். மென்பொருள் அவ்வப்போது அந்தத் துண்டிடம் ஒரு கேள்வி கேட்கும். சரியான பதில் வந்தால் வேலை நடக்கும். வராவிட்டால் தமிழ் நின்றுவிடும். சிடியை எத்தனை பேர் நகலெடுத்தாலும் டாங்கிளை நகலெடுக்க முடியாது என்பதே அதன் தந்திரம். ஊழியர் வேலையை விட்டுப் போகும்போது ‘லாக்’கைக் கையோடு கொண்டுபோய்விடக் கூடாதே என்ற பயம் முதலாளிக்கு. தொலைந்துபோனால் மென்பொருளையே தொலைத்த மாதிரிதான்.

எழுத்துரு செய்தவர்கள் பக்கத்திலும் நியாயம் இருந்தது. ஒரு தமிழ் எழுத்துருவுக்கு வளைவு வளைவாக வரைந்து மாதக்கணக்கில் உழைக்க வேண்டும். பிளாப்பியில் நகலெடுக்க ஒரு நிமிடம் போதும். தெருவில் ஒரு கடை காசு கொடுத்து வாங்கினால் மற்ற கடைகள் இரவல் வாங்கிக்கொண்டன. 1984இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலையும் இலக்கியப் படைப்புகளின் வரிசையில் உட்கார வைத்திருந்தது. ஆனாலும் அரைகுறை அச்சகம் ஒன்றின் மேல் வழக்குப் போட்டு யாருக்கு லாபம்? டாங்கிள் மலிவான வக்கீலாக இருந்தது. கொஞ்ச காலம்தான். டாங்கிளிடம் கேள்வி கேட்கும் வரியையே நிரலிலிருந்து நீக்கிவிட்ட ‘கிராக்’ பிரதிகள் சிடியில் கைமாறத் தொடங்கின. காசு கொடுத்து வாங்கியவர் அச்சுப்பொறி கேபிளோடும் டாங்கிளோடும் மல்லுக்கட்ட, கிராக் வைத்திருந்தவர் தொந்தரவில்லாமல் தட்டச்சு செய்தார். இந்த அநியாயம் எல்லா நகல் பூட்டுகளுக்கும் பொது.

ஆனால் பெரிய சேதம் டாங்கிளால் வந்ததல்ல. அது காத்த எழுத்துருவின் உள்ளமைப்பால் வந்தது. அன்றைய எழுத்துருவில் 256 இடங்கள்தான். பாதியை ஆங்கிலம் பிடித்துக்கொள்ளும். மிச்ச இடத்தில் கொம்பு, கால், சுழி, உகர ஊகார வடிவங்கள் எல்லாவற்றையும் எந்த வரிசையில் அடுக்குவது என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி முடிவு செய்தது. சிலர் ஆங்கிலத்தையே வெளியேற்றிவிட்டு அதன் இடத்தில் தமிழை வைத்தார்கள். ஈழத்தவரிடையே பரவிய பாமினி அப்படிப்பட்டது. ஒரு நிறுவனத்தின் எழுத்துருவில் தட்டிய நாவலை இன்னொரு கணினியில் திறந்தால், ஆங்கில எழுத்துகளும் காற்புள்ளிகளும் கேள்விக்குறிகளும் கலந்த கூட்டாஞ்சோறுதான் திரையில் தெரியும். எழுத்துருவை வாங்கினால்தான் நாவல் நாவலாகும். ஆக, எழுதியவருக்கே தெரியாமல் அவருடைய நூல் இன்னொருவர் பூட்டுக்குள் போயிருந்தது. யாரும் திட்டமிட்டுச் செய்த சதி அல்ல. ஆனாலும் ஒரு கடையில் சேர்ந்துவிட்ட கோப்புகளைத் தூக்கிக்கொண்டு வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போக முடியாதது அந்தக் கடைக்குக் கசக்கவில்லை.

இந்தப் பூட்டைத் திறந்ததில் பெரும்பங்கு பொழுதுபோக்காகத் தமிழ்க் கணினியில் கைவைத்தவர்களுக்கு உண்டு. சுவிட்சர்லாந்தின் லோசானில் ஆய்வாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம் ‘மயிலை’ என்ற எழுத்துருவைச் செய்து இலவசமாகக் கொடுத்தார். 1998 பொங்கலன்று அவர் முன்னின்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், பல நாடுகளில் இருந்த தமிழர்கள் ஆளுக்கொரு நூலை எடுத்துத் தட்டச்சு செய்தார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு விசைப்பலகைக்கும் எழுத்து வரிசைக்கும் பொதுத் தரம் தேடியது. உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடு 1991லேயே தமிழுக்கு இடம் கொடுத்திருந்தும், சாதாரணக் கணினிகள் அதைக் காட்டத் தொடங்கியது விண்டோஸ் 2000க்குப் பிறகுதான். 2005 ஏப்ரலில் மத்திய அரசு தமிழ் எழுத்துருக்களும் மென்பொருள்களும் அடங்கிய குறுவட்டை இலவசமாக வெளியிட்டது. 2010 ஜூனில், கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டி, தமிழக அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்தது. காளப்பநாயக்கன்பட்டி மாணவிக்குக் ‘கொல்லி’ கிடைப்பது இந்த நீண்ட சங்கிலியின் தயவில்.

இதே ஆண்டுகளில் ஆங்கில உலகம் வேறு கவலையில் இருந்தது. அடோபி நிறுவனம் 1999இல், பிடிஎஃப் நூலை வாங்கியவரின் கணினியோடு பிணைத்து விற்கும் வசதியைக் கொண்டுவந்தது. சிறு வியாபாரிகளும் பதிவு முறை மென்பொருள்களை வாங்கித் தங்கள் நூல்களைப் பூட்டினார்கள். முறை எளிது. நூலைத் திறந்ததும் திரையில் ஓர் எண் தோன்றும். வன்தட்டு போன்ற உறுப்புகளின் அடையாளத்திலிருந்து பிறந்த எண் அது. அதை விற்றவருக்கு அனுப்பினால் அதற்குப் பொருந்தும் திறவெண் வரும். நூலை வேறு கணினிக்கு நகலெடுத்தால் எண் மாறிவிடும், நூல் திறக்காது. வன்தட்டு கெட்டாலும் திறக்காது. விற்றவர் கடையை மூடிவிட்டால் கேட்பதற்கும் ஆள் இருக்காது.

2000 மார்ச்சில் ஸ்டீபன் கிங் ஒரு நெடுங்கதையை மின்நூலாக மட்டும் 2.50 டாலருக்கு வெளியிட்டபோது, முதல் நாளிலேயே 4 லட்சம் பேர் கேட்டு வந்தார்கள். அதன் பூட்டு சில நாள்களில் உடைந்தது. அடுத்த ஆண்டு ஜூலையில் டிமித்ரி ஸ்க்லியாரோவ் என்ற ரஷ்ய நிரலாளர் லாஸ் வேகாஸ் வந்து, மின்நூல் பூட்டுகளின் ஓட்டைகளைப் பற்றி ஒரு மாநாட்டில் பேசினார். பேசி முடித்து ஊர் திரும்பும் முன் அமெரிக்கப் போலீஸ் அவரைக் கைது செய்தது. அவர் வேலை பார்த்த எல்காம்சாஃப்ட் நிறுவனம் பூட்டைக் கழற்றும் மென்பொருளை விற்றது என்பது குற்றச்சாட்டு. 2002 டிசம்பரில் ஜூரிகள் அந்த நிறுவனத்தை விடுவித்தார்கள். ஸ்க்லியாரோவின் பேச்சில் வந்த ஒரு தகவல் இன்றும் சிரிக்க வைக்கும். ஆவணங்களை அதிக விலைக்கு விற்ற ஒரு நிறுவனம், ஒவ்வொரு எழுத்தையும் அகரவரிசையில் 13 இடம் தள்ளி வைப்பதையே பாதுகாப்பு என்று நம்பியிருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் ரகசியக் கடிதம் எழுதும் முறை!

தமிழ்ப் பதிப்பாளர்களுக்கு அப்போது இந்தத் தலைவலி இல்லை. ஆயிரம் பிரதி அச்சிட்டு, நூலக ஆணையை எதிர்பார்த்துக் காத்திருந்த தொழில் அது. யாராவது திருடுவார்களே என்ற கவலையைவிட யாரும் வாங்கவில்லையே என்ற கவலைதான் பெரிது.

பூட்டு புத்தகத்தின் மேல் வந்தது 2016இன் இறுதியில். தமிழ் உள்ளிட்ட ஐந்து இந்திய மொழிகளை அமேசான் தன் கிண்டில் கடையில் ஏற்றது. எழுத்தாளர் தானே நூலைப் பதிவேற்றலாம். நகல் காப்பு வேண்டுமா, வேண்டாமா என்று படிவம் கேட்கும். ‘வேண்டும்’ என்பவர்களுக்கு அந்தக் காப்பு நூலைப் படிப்பவரின் கணக்கோடு கட்டிவைக்கும். டாங்கிள் இல்லை, திறவெண் இல்லை, வாங்குபவரின் பதிவுதான் சாவி. அது வசதியாகவும் இருந்தது. சிட்னியில் இருப்பவரும் சேந்தமங்கலத்தில் இருப்பவரும் ஒரே நாவலை ஒரே நிமிடத்தில் வாங்க முடிந்தது. பதிப்பகமே கிடைக்காத பலர் எழுத்தாளர் ஆனார்கள்.

அந்தச் சாவி கடைக்காரரிடமே இருக்கிறது என்பதற்கு முன்னுதாரணங்கள் உண்டு. 2009 ஜூலையில் உரிமையில்லாத ஒருவர் விற்ற ஜார்ஜ் ஆர்வெல் நூல்களை, வாங்கியவர்களின் கருவிகளிலிருந்தே அமேசான் அழித்தது. அழிந்தவற்றில் ஒன்று ‘1984’ என்பதை நாவலாசிரியர் யாராவது எழுதியிருந்தால் மிகை என்று சொல்லியிருப்போம். பிறகு அந்த நிறுவனத் தலைவர் மன்னிப்புக் கேட்டார். 2019இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்நூல் கடையை மூடியபோது, வாங்கியவர்களுக்குப் பணம் திரும்பியது, நூல்கள் போயின. 2025 பிப்ரவரியில், வாங்கிய கிண்டில் நூலைக் கணினியில் இறக்கி யுஎஸ்பி கம்பி வழியாக மாற்றும் வசதியை அமேசான் நிறுத்தியது.

இவ்வளவு பூட்டியும் தமிழ் நூல்கள் டெலிகிராமில் பிடிஎஃப் ஆகச் சுற்றுவது எப்படி? பெரும்பாலும் பூட்டு உடைக்கப்படுவதே இல்லை. யாரோ ஒருவர் அச்சுப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகக் கைபேசியில் படமெடுக்கிறார், அவ்வளவுதான். கட்டைவிரல் நுனியும் படத்தில் விழுந்திருக்கும். போட்டித் தேர்வு நூல்களுக்கும் இதே கதி. அப்படிப் பாதிக்கப்பட்ட ஓர் ஆசிரியர் தொடுத்த வழக்கில், நகல்களைப் பரப்பியவர்களின் விவரங்களை டெலிகிராம் தர வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2022 ஆகஸ்டில் உத்தரவிட்டது. மின்பூட்டை உடைப்பதற்கென்று தனியாக ஒரு பிரிவும் சட்டத்தில் இருக்கிறது. 2012 திருத்தத்தில் வந்த 65ஏ. பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைத்தால் இரண்டு ஆண்டுவரை சிறை. ‘நோக்கத்தோடு’ என்ற நிபந்தனை அமெரிக்கச் சட்டத்தைவிட இதை மென்மையாக்குகிறது. சட்டம் அனுமதிக்கும் காரியத்துக்காகப் பூட்டைத் திறப்பவர் இங்கே குற்றவாளி இல்லை.

அந்த அனுமதியின் அருமை பார்வையற்ற வாசகர்களுக்குத்தான் தெரியும். அச்சைப் படிக்க முடியாதவர்களுக்காக நூல்களை மாற்று வடிவில் நகலெடுக்க உதவும் மரகேஷ் உடன்படிக்கையை உலகில் முதலில் ஏற்றுக்கொண்ட நாடு இந்தியா, 2014இல். ஆனால் தமிழ் நூல்களில் சட்டம் திறந்துவிட்ட கதவைப் பழைய எழுத்துரு சாத்தி வைத்திருந்தது. பழைய முறையில் உருவான பிடிஎஃப் கண்ணுக்கு அழகான தமிழ். திரைவாசிப்பு மென்பொருள் அதைத் தொட்டால் ஆங்கில எழுத்துகளையும் குறிகளையும் உளறும். எந்த நகல் காப்பு மென்பொருளும் வாசகரை இவ்வளவு முழுமையாக வெளியே நிறுத்தியதில்லை.

பூட்டாத பிரதிகளின் பயனை யாழ்ப்பாணத்தாரைக் கேட்க வேண்டும். 1981இல் யாழ் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் வருடி இணையத்தில் திறந்து வைக்கிறது. ஒரே இடத்தில் ஒரே பிரதி என்ற நிலைக்கு இனித் திரும்ப மாட்டோம் என்பது அந்த உழைப்பின் பின்னால் இருக்கும் எண்ணம்.

தமிழ்நாட்டில் நாட்டுடைமை நூல்கள் 2000க்கும் மேல் தமிழ் விக்கிமூலத்தில் ஏறியிருக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகம் வருடிய படங்களைக் கொடுத்தது. கூகுளின் எழுத்துணரி படத்தை எழுத்தாக்கியது. தன்னார்வலர்கள் உட்கார்ந்து பிழை திருத்துகிறார்கள். விற்பனைப் பதிப்பகங்களின் நிலைமை இதைவிடச் சிக்கல். 90களில் அவர்கள் வெளியிட்ட நூல்கள் பேஜ்மேக்கர் கோப்புகளாகக் குறுவட்டுகளில் கிடக்கின்றன. அவற்றைத் திறக்க அந்தக் காலத்து எழுத்துரு வேண்டும், எழுத்துருவுக்கு டாங்கிள் வேண்டும், டாங்கிளைச் செருகும் 25 துளை வாசல் புதிய கணினிகளில் இல்லை. பழைய எழுத்துருக் கோப்பை யூனிகோடாக்கும் மாற்றிமென்பொருள் இருக்கிறது. ஆனால் பழைய எழுத்துருவில் ஒரே உருவத்தால் ஒப்பேற்றிய ‘ர’வையும் துணைக்காலையும் அது குழப்பிவிட, மெய்ப்புத் திருத்துபவர் மறுபடி முதல் பக்கத்திலிருந்து வர வேண்டும். அதனால் தன் பழைய நூலை மின்நூலாக்க விரும்பும் பதிப்பாளருக்குச் சுலபமான வழி, அலமாரியிலிருந்து அச்சுப் பிரதி ஒன்றை எடுத்துப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து எழுத்துணரிக்குக் கொடுப்பதுதான். டெலிகிராம் ஆசாமி செய்யும் அதே வேலை. அவருக்கு இது கூலியில்லாத வேலை, பதிப்பாளருக்கோ இதற்கு மேல் மெய்ப்புத் திருத்தும் செலவும் உண்டு.